லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தவள்

"பந்துகூட இல்லாத வெளையாட்டு. இதுக்கு எவன்டி ஒனக்குச் சம்பளம் குடுப்பான்?"

அருப்புக்கோட்டையில் ஒரு பெண்கள் கபடி அணியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்டது இது. எம்.ரெட்டியபட்டியில் களை வெட்டவும் பருத்தி எடுக்கவும் கூலிக்குப் போகிறவள் அவள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனது நான்தான். பி.காம். முடித்திருக்கிறேன். முதல் சம்பளத்தை அவள் கையில் வைத்து, "இது கூலி இல்லம்மா, சம்பளம்" என்றேன். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அணியை நடத்தியவர் டவுனில் தறிக்கூடம் வைத்திருப்பவர். அண்ணாச்சி என்போம். தறிக்கூடத்துக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் மேட் விரித்துக் காலையும் மாலையும் பயிற்சி. வருகைப் பதிவு உண்டு. தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பார்கள். லீவு வேண்டுமானால் எழுதித்தான் கேட்க வேண்டும். எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பது நான். கேப்டன் என்பதால் அல்ல. என் எழுத்து அழகாக இருக்கும் என்பதால். எழுதியதைப் போட்டோ எடுத்து அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பெரும்பாலும் "லீவு கிடையாது" என்று பதில் வரும்.

எங்கள் அணியின் நல்ல ரெய்டர் திருச்சுழிப் பக்கத்துப் பெண். ஒரு நாள் காலைப் பயிற்சியில் மேட்டின் ஓரத்தில் கால் மாட்டி, முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரிச் செலவை அண்ணாச்சி பார்த்தார். அடுத்த மாதமே சம்பளத்தை நிறுத்தினார். "வெளையாடலேன்னா சம்பளம் எதுக்கு?" என்றார். ஆபரேஷன் செய்தால்தான் மறுபடி ஓட முடியும். அதற்கு நஷ்டஈடு கேட்டு அவள் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். அண்ணாச்சியிடம் வேலை பார்த்தவள் என்று உறுதியானால்தான் அந்த மனு நிற்கும். அதைச் சொல்ல அவள் நம்பிக் கூப்பிட்ட சாட்சி நான்.

விருதுநகரில் விசாரணை. அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, நீங்கல்லாம் இவருகிட்ட கூலிக்கு வேல பாக்குறவுகளா?"

காது சூடாகிவிட்டது. அம்மாவின் மடியிலிருந்து உதிரும் பருத்திச் சருகை யாரோ என் ஜெர்சிமேல் கொட்டியது போல இருந்தது.

"கூலியாளுக இல்ல சார். நாங்க வீராங்கனைக. ஆசப்பட்டு வெளையாடுறோம்."

"பாத்தீகளா சார், புள்ளயே சொல்லிருச்சு" என்றார் அண்ணாச்சி.

அதிகாரி நான் சொன்னதை அப்படியே எழுதினார். அதன் கீழே ஆங்கிலத்தில், ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டேன். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாப்பில்தான் பேசினாள்.

"ஏடி கேப்டனு, ஆசைக்கு வெளையாடுறவ எவளாச்சும் லீவு லெட்டர் எழுதுவாளா? எங்கக்கா வளைகாப்புக்கு நீதானடி எழுதுன. 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'னு. என்னா தாழ்மை!"

சிரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கூலின்னு சொல்ல ஒனக்கு நாக்கு கூசுது. நான் இனி எந்தக் காலோட ஓட?"

பஸ் வந்தது. ஏற்றிவிடக் கை நீட்டினேன். என் கையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்து ஏறினாள்.

வீட்டில் அம்மா பெருவிரலில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் களைவெட்டி பட்ட காயம். விசாரணை என்னாச்சு என்றாள். இன்னும் முடியவில்லை என்று மழுப்பினேன்.

"எனக்கு வெட்டுப்பட்டதும் பருத்திக்காட்டுக்காரவுக ஆட்டோ பிடிச்சு அனுப்புனாக. பாதி நாளுதான் வேல பாத்தேன், முழுக்கூலியும் குடுத்துட்டாக. ஒங்க அண்ணாச்சி அதுகூடச் செய்யலையா?"

அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அவளைப் போல ஆகிவிடக் கூடாது என்றுதானே அந்த அதிகாரி முன்னால் அப்படிச் சொன்னேன்? அவளுக்குக் கிடைத்தது என் சிநேகிதிக்குக் கிடைக்காமல் செய்துவிட்டு வந்திருக்கிறேன். படித்தவள் என்று நான் நிமிர்ந்து நடந்த நாட்களெல்லாம் அப்போது உடம்பைக் கூச வைத்தன.

மூன்று நாள் சிநேகிதிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. என் போனில் பழைய லீவு லெட்டர்களைத் தேடினேன். எல்லாம் இருந்தன. பெரும்பாலானவற்றின் கீழே அண்ணாச்சியின் "கிடையாது".

திங்கட்கிழமை அவற்றைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு விருதுநகர் பஸ் ஏறினேன். முன்பு நான் சொன்னது உண்மையல்ல என்றும், சம்பளத்துக்குத்தான் விளையாடினோம் என்றும் எழுதினேன். தாழ்மையுடன் என்ற சொல்லை எங்கும் போடவில்லை. அதிகாரி படித்துவிட்டு, "ஒன் எடமும் போயிரும், தெரியும்ல?" என்றார். தெரியும் சார் என்றேன். தமிழில் கையெழுத்துப் போட்டு, லெட்டர்களை இணைத்துக் கொடுத்தேன்.

திரும்பி வரும் வழியிலேயே அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். முத்திரை குத்திய நகல் கையில் இருந்தது. அருப்புக்கோட்டையில் இறங்கினேன். வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு, அவள் ஊர்ப்பக்கம் போகும் திருச்சுழி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.