ஏ.சி. ரூம் ஜெயசீலி

ஆம்பூர் பக்கத்துத் துத்திப்பட்டு ஜெயசீலிக்கு வாய்த்தது எல்லாமே அரைகுறை. பத்தாவது பாஸ் பண்ணினாள், மேலே படிக்க வைக்க ஆள் இல்லை. கல்யாணம் நடந்தது, புருஷன் நிலைக்கவில்லை. லாரியில் கிளீனராகப் போன வாணியம்பாடிக்காரன் பெங்களூரில் எவளோடோ தங்கிவிட்டான். குடிகாரன் தொலைந்தான், விடு என்று ஊர் ஆறுதல் சொன்னது. சொன்ன வாய் எதுவும் அவளுக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்றவில்லை. அப்பனும் இல்லை. தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி இறங்கிக் கால் வெந்து, புண் ஆறாமலே செத்தவன் அவன்.

ஆகவே எழுபத்தொன்பதில் ஷூ கம்பெனிக்குப் போனாள். தையல் ஹாலில் முதலில் கொடுப்பது சொல்யூஷன் தடவுகிற வேலை. தோலின் ஓரத்தில் பிரஷ்ஷால் பசையைத் தடவி மடிக்க வேண்டும். அந்தப் பசையின் நெடி மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தால் சோறும் பசையாகவே மணக்கும். ஜெயசீலி அதைச் சகித்துக்கொண்டு, வேலை விட்டதும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனாள். லோயர், அப்புறம் ஹையர். மூன்று தடவை தோற்று நாலாவது தடவை பாஸானாள். அதற்குள் ஹாலிலும் பசையிலிருந்து தையல் மெஷினுக்கு மாறியிருந்தாள். புத்திசாலி என்று சொல்ல முடியாது. பிடிவாதக்காரி.

எண்பத்தாறில் சின்ன முதலாளி ஜெர்மனி போய்விட்டு வந்து கம்ப்யூட்டர் வாங்கினார். மாடியில் ஒரு அறையை அடைத்து ஏ.சி. வைத்தார்கள். அறைக்குப் பின்னால் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் அதே குடும்பத்துத் தோல் ஷாப், அதன் சுண்ணாம்புக் குழிகள். ஏ.சி.யின் முதுகு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. வேறு எந்தப் பக்கம் நீட்டினாலும் ஏதாவது ஒரு தோல் ஷாப்தான் இருந்திருக்கும்.

ஆபீஸ் டைப்பிஸ்ட் கிறிஸ்துராஜ் மெஷின் பக்கமே போகமாட்டேன் என்றார்.

"அது கரண்டுல ஓடுது. நான் புள்ளகுட்டிக்காரன். வேற ஆளப் பாருங்க" என்றார்.

டைப் தெரிந்த வேறு ஆள் ஜெயசீலிதான். மெட்ராஸுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். திரும்பி வந்து, அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். வெள்ளைக்காரனுக்குப் போகிற ஷூ ஒவ்வொன்றின் சைஸும் கலரும் பெட்டி நம்பரும் அவள் கைவழியாகத்தான் லிஸ்டாகப் போனது. ஹாலில் அவளுக்கு 'ஏ.சி. ரூம் ஜெயசீலி' என்று பெயர் வைத்தார்கள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன? அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. திரும்ப அந்தப் பசை டப்பா முன்னால் மட்டும் உட்காரக் கூடாது. அவள் வேண்டுதல் அவ்வளவுதான். சர்ச்சில் மற்றவர்கள் வீடு கேட்டார்கள், மாப்பிள்ளை கேட்டார்கள். இவள் நாற்காலி கேட்டாள்.

எண்பத்தெட்டில் சனியன் வந்தது. கணக்குப் பிள்ளைக்கும் ஒரு திரை வேண்டும், ஜெர்மன்காரன் கேட்கிற மாதிரி புது லிஸ்ட் வேண்டும் என்றார்கள். பழைய சிஸ்டம் அதற்கெல்லாம் தாங்காது. சிஸ்டம் என்றால் மெஷினுக்குள்ளே இருந்து மெஷினை ஓட்டுகிற சரக்கு. அது இல்லாவிட்டால் அத்தனை விலை கொடுத்த மெஷின் வெறும் தகரப் பெட்டி. புது சரக்கு தைத்த ஷூவாக வரவில்லை, வெட்டாத தோலாக வந்தது. டேப்பில் வரி வரியாக எழுதியிருக்கும், அதற்கு சோர்ஸ் என்று பெயர். அதை அந்த மெஷினிலேயே போட்டு, அதன் அளவுக்கு வெட்டித் தைத்து எடுக்க வேண்டும், அதற்குக் கம்பைல் என்று பெயர். அதைச் செய்ய மெட்ராஸிலிருந்து, மெஷினை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் ஐசக் வந்தார். மூக்கில் கர்ச்சீப்போடு மாடி ஏறினார்.

"எப்படி மேடம் இதுல இருக்கீங்க?" என்றார்.

"எதுல சார்?"

"இந்த நாத்தத்துல."

"இன்னா நாத்தம்?" ஜெயசீலி நிஜமாகவே மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

டீ கொண்டுவந்த ஹலீமா பீ, கம்பெனி தொடங்கியதிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவள், சிரித்துவிட்டாள். "அது நாத்தம் இல்ல சார். ஆம்பூருக்கு சோறு. ரெண்டு நாள் இருங்க, உங்களுக்கும் பசி எடுக்கும்."

மெஷினுக்குள் பழசும் புதுசும் சேர்ந்து இருக்க இடம் போதாது. பழசை அழித்தால்தான் புதுசு உட்காரும்.

"பழசுக்கு ஒரு காப்பி டேப்ல எடுத்து வெச்சிருக்கீங்க இல்ல?" என்று ஐசக் கேட்டார்.

"வெச்சிருக்கேன் சார். சாம்பிள் பீரோல பூட்டி வெச்சிருக்கேன்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் பழசை அழித்தார். பீரோவைத் திறந்து பார் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

கம்பைல் ஓடத் தொடங்கியது. திரையில் பெயர் பெயராக ஏறிக்கொண்டே போனது. மத்தியானம் நின்றது. ஏதோ ஒரு வரியில் பிழை என்று காட்டியது. ஐசக் அந்த வரியைக் காகிதத்தில் அடித்து எடுத்தார். இருவரும் விரல் வைத்துப் படித்தார்கள். பிழையே இல்லை. மறுபடி ஓடவிட்டார்கள். முதலில் நின்ற இடத்தைச் சுலபமாகத் தாண்டிப் போய், வேறொரு இடத்தில் நின்றது. மறுபடி ஓடவிட்டால் மூன்றாவது ஒரு இடம். ஒரே இடத்தில் நின்றால் அங்கே குற்றம் என்று பிடிக்கலாம். இடம் மாற்றி மாற்றி விழுகிறவனை எந்தக் கல் தடுக்கிவிட்டது என்று சொல்வது?

டேப் சரியில்லை என்று மெட்ராஸிலிருந்து வேறு டேப் பஸ்ஸில் வந்தது. அதுவும் அப்படியே. கரண்ட் ஏறி இறங்குகிறது என்று ஸ்டெபிலைசரை மாற்றினார்கள். அதுவும் அப்படியே. கடைசியில் ஐசக் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நீங்க உள்ள எதுனா கை வெச்சீங்களா?"

"நான் இன்னா சார் கை வெப்பேன்? ரெண்டு வருஷமா தொடச்சதோட சரி."

"தண்ணி தொட்டா?"

"தண்ணி தொட்டுத் தொடக்கறதுக்கு இது இன்னா சட்டியா?"

கேட்டதற்காக அவர் முகம் சிவந்தது. இவள் அவசரமாகக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே சின்ன முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"ஐசக் சார், மெஷின் உங்களுது, பேஜார் என்னுது" என்றார் அவர். "கன்டெய்னர் கிளம்பணும். லிஸ்ட் எங்க?"

"பழசையே திருப்பிப் போட்டுடலாம் சார். அதுல லிஸ்ட் வந்துடும்" என்றார் ஐசக்.

ஜெயசீலி ஓடிப்போய் சாம்பிள் பீரோவிலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். மெஷினில் செருகியதும் அது மிதிபட்ட பூனை மாதிரி கத்தியது. பிறகு நின்றது. வெளியே எடுத்தால் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்த இடத்தில் பழுப்பு நிறத்தில் உதிர்ந்தது. ஐசக் முகர்ந்து பார்த்தார்.

"இது இன்னா வாடை?"

"லாக்கர் சார். தோலுக்கு பாலிஷ் அடிப்பாங்களே."

"அந்த பீரோல இன்னா இருக்குது?"

"சாம்பிள் தோலு. ஸ்ப்ரே அடிச்ச சூட்டோட பூட்டி வைப்பாங்க."

"அதுக்குள்ளயா டேப்ப வெச்சீங்க? யார் வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். இந்தக் கம்பெனியில பூட்டு போட்ட பீரோ அது ஒன்னுதான். விலை ஜாஸ்தியானது எல்லாம் அதுலதான் வைப்போம்."

போன வருஷம் சின்ன முதலாளி தன் பாஸ்போர்ட்டையே அங்கேதான் வைத்திருந்தார். தோல் கம்பெனியில் தோலைவிடப் பத்திரமான துணை வேறென்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கன்டெய்னர் நிற்காது. ஜெயசீலி கீழே இறங்கி கிறிஸ்துராஜின் டைப்ரைட்டரைக் கேட்டாள். அவர் முதலில் தரமாட்டேன் என்றார். முதலாளி பெயரைச் சொன்னதும் எழுந்து, சீப்பையும் சர்க்கரை மாத்திரையையும் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். பெட்டி அடுக்கியிருந்த இடத்திலேயே மேஜையைப் போட்டு, ஹலீமா பீ ஒவ்வொரு பெட்டியாகப் புரட்டிக் காட்ட, நம்பரைப் பார்த்துப் பார்த்து, கார்பன் வைத்து அடித்தாள். விரல் நுனி நீலமாகிப் போனது. கன்டெய்னர் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. ஜெர்மன்காரன் ஒரு பிழையும் சொல்லவில்லை.

"பலே ஜெயசீலிம்மா!" என்றார் சின்ன முதலாளி. "கையாலயே முடிச்சிட்டியே!"

அன்று அவள் கால் தரையில் படவில்லை. இனிமேல் தன்னை அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள். பாவி மகள். தன் நாற்காலியின் காலைத் தானே அறுத்துக்கொண்டது அவளுக்குத் தெரியவில்லை.

மாடியில் ஐசக் வேறு வழியில்லாமல் மெஷினைக் கழற்றியிருந்தார். உள்ளே வரிசையாகச் செருகிய தட்டுகளில் ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். பளபளவென்று இருக்க வேண்டிய அதன் பற்கள் கரிச்சட்டி அடி மாதிரி இருந்தன.

"இதான் மேடம். இதான் ஞாபகம் வைக்கிற தட்டு. பல்லு கருத்துப் போயி சரியா பிடிக்கல. அதான் எழுத்த ஒரு நேரம் ஒரு மாதிரி படிக்குது."

"இவ்ளோ நாளு ஓடுச்சே சார்?"

"நீங்க லிஸ்ட் அடிக்க முன் ரூம் போதும். கம்பைலுக்கு மொத்த வீடும் வேணும். பின் ரூம்ல கூரை இல்லன்னு இப்பதான் தெரியுது."

ஆம்பூரில் வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கருக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குழியிலிருந்து கிளம்புகிற காற்றுதான் காரணம் என்றும் தெரியும். மெஷினுக்குள்ளும் கொலுசு போட்ட கால்கள் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐசக் பென்சில் அழிக்கிற ரப்பர் வாங்கிவரச் சொன்னார். ஹலீமா பீ பள்ளிக்கூடத்துக் கடையில் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். "இன்ஜினியருக்கு எழுத்து தப்பாப் போச்சுன்னு சொன்னேன், கடைக்காரன் கம்மி விலைக்குக் குடுத்தான்" என்றாள். ஜெயசீலி ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். கரி உதிர உதிர மஞ்சள் தெரிந்தது. துடைத்துச் செருகி மறுபடி ஓடவிட்டார்கள். முதல் நாள் நின்ற இடம் தாண்டியது. இரண்டாவது இடம், மூன்றாவது இடம். கடைசிப் பெயரும் ஏறி முடிந்தது. ஹலீமா பீ அல்லாவைக் கூப்பிட்டாள், ஜெயசீலி ஏசுவைக் கூப்பிட்டாள். ஐசக் கர்ச்சீப்பை எங்கேயோ போட்டுவிட்டிருந்தார்.

மெஷினை அணைத்து, புது சிஸ்டத்தில் எழுப்பினார்கள். திரையில் ஒரு வரி வந்தது. இரண்டாவது வரி பாதி வந்தது. அந்தப் பாதியிலேயே நின்றது.

மறுபடி எழுப்பினார்கள். அதே பாதி. தட்டை உருவிப் பார்த்தால், தேய்த்த இடத்தில் மஞ்சளும் போய்ச் செம்பு தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் தேக்கறேன் சார்."

"வேணாம் மேடம். மேல்பூச்சு போயிடுச்சு. இனிமே தேச்சா பல்லே இருக்காது."

"புதுத் தட்டு?"

"எழுதிப் போடறேன். வர மாசக்கணக்காகும். வந்தாலும்..." ஐசக் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இந்த ரூம்ல அதுவும் இப்படித்தான் ஆகும்."

அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினார். நல்ல மனுஷன்தான். போகும்போது அவள்மேல் தப்பில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். சொன்னது ஒன்றுக்கும் ஆகவில்லை.

சின்ன முதலாளி அவளைக் கீழே கூப்பிட்டார்.

"இந்த மெஷின் தொல்லையே வேணாம்மா. மெட்ராஸ் ஆபீஸ்ல வேற வாங்கி வெச்சிக்கறோம். இங்க கையாலயே ஆவுதே, நீதான் காட்டினியே."

"அப்போ என்னய டைப்பிங்லயே வெச்சிக்குங்க முதலாளி."

"டைப்பிங்குக்குக் கிறிஸ்துராஜ் கீறார்."

"லிஸ்ட் அடிச்சது நானு."

"நீதாம்மா. அதுமாதிரி இனிமே அவர் அடிப்பார். ஒரு மெஷினுக்கு ரெண்டு பேரா? அந்த மனுஷன வயசான காலத்துல எங்க அனுப்பச் சொல்ற?"

கிறிஸ்துராஜ் பக்கத்து மேஜையில் தலையைக் குனிந்து ரிப்பனை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்த ரிப்பனை மறுபடி கழற்றி மறுபடி மாட்டினார்.

"அந்த ஏ.சி. ரூமு?" என்று கேட்டாள் ஜெயசீலி. கேட்டிருக்க வேண்டாம்.

"சாம்பிள் தோலு வைக்கப் போறோம். தோலுக்கு ஏ.சி. நல்லது."

ஹாலில் அவளுடைய பழைய தையல் மெஷினில் ரஃபத் ஜஹான் உட்கார்ந்திருந்தாள். வேகமான கைக்காரி. எழுப்ப முடியாது. ஜெயசீலிக்கு சொல்யூஷன் டப்பாவையும் பிரஷ்ஷையும் கொடுத்தார்கள்.

"வாங்க மேடம், இங்க ஃபேன்கூட இல்ல" என்றாள் ஒருத்தி. நாலு பேர் சிரித்தார்கள்.

ரஃபத் ஜஹான் திரும்பி, "சிரிக்கறீங்களே, உங்கள்ல ஒருத்தியாச்சும் மாடிப்படி ஏறியிருக்கீங்களா?" என்று அதட்டினாள். சிரிப்பு நின்றது. அதனால் டப்பா நகர்ந்துவிடவில்லை.

அடுத்த வருஷம் பைபாஸ் பக்கம் வேறொரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். மேனேஜர் உட்காரச் சொன்னார், டைப் தெரியுமா என்றார், மெட்ராஸ் டிரெய்னிங் உண்டா என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எந்தக் கம்பெனியில் இருந்தாய் என்று கேட்டபோது சொன்னாள்.

மேனேஜர் பேனாவை மூடிவிட்டார்.

"ஓ. அந்த மெஷினக் கெடுத்த பொம்பள நீதானா?"

"நான் கெடுக்கல சார். அத இந்த ஊரு காத்து கெடுத்துச்சு."

மேனேஜர் உரக்கச் சிரித்தார். "காத்தா? அதே காத்தத்தான் நாங்களும் பொறந்ததுல இருந்து இழுக்கறோம். எங்களுக்கு இன்னா ஆயிப்போச்சு?"

அப்பனின் காலை நினைத்துக்கொண்டாள். சொன்னால் இவனுக்கு எங்கே விளங்கப் போகிறது என்று சொல்லாமல் எழுந்தாள். மத்தியானத்துக்கு மேல் போனால் ஹாலுக்குள்ளே விடமாட்டார்கள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள்.