மாமாவை மூன்று முறை வழியனுப்பினோம்

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. எங்கள் வீட்டில் இது சட்டம். என் வீட்டுக்காரர் இருந்த காலம் முழுக்கக் காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். ஒரு நாளும் நான் கேட்டதில்லை. திரும்பி வந்து அவராகச் சொன்னால் தெரிந்துகொள்வேன், சொல்லாவிட்டால் இல்லை. இப்போது மருமகள் சலித்துக்கொள்கிறாள். "எங்க போறேன்னு வாய் தொறந்து கேட்டாத்தான் என்ன அத்த? வாசல்ல நின்னு முழிச்சிக்கிட்டே இருக்கியளே" என்கிறாள். அவளுக்கு எங்கள் மாமா கதை தெரியாது. சொன்னால் எனக்குத்தான் எரிச்சல் வரும் என்று இதுவரை சொல்லவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பந்து விளையாடுகிறவர். தென்காசியில் சாரல் நேரத்துச் சேற்றில் ஆடிக்கொண்டிருந்தவரை யாரோ பார்த்து மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து கல்கத்தாவில் ஒரு பெரிய கிளப் அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. பந்து உதைக்கிறதுக்குச் சம்பளம் என்றால் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. பத்திரிகையில் படம் வந்த பிறகுதான் நம்பினார்கள். படத்தில் மாமா அந்தரத்தில் படுத்திருக்கிற மாதிரி இருந்தார், ஒரு கால் மட்டும் தலைக்கு மேலே. அம்மா அதை வெட்டி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். சாமிக்குச் சூடம் காட்டி முடித்ததும் மாமாவுக்கும் ஒரு சுற்று உண்டு. அப்பாவுக்கு அது பிடிக்காது. ஆனாலும் டீக்கடையில் அவர் பேச்சு "நம்ம மாப்ள கல்கத்தாவுல" என்றுதான் ஆரம்பிக்கும்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், ஆனி மாதத்தில், கொஞ்ச நாள் லீவு என்று மாமா வந்தார். அந்தக் கொஞ்ச நாள் முடிகிற வழியாக இல்லை. சாப்பிடுவார், சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பார், மறுபடி சாப்பிடுவார். கல்கத்தாவில் மழைக்காலத்தில்தான் பந்தாட்டம் மும்முரமாக நடக்கும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பிறகு கிளப்பிலிருந்து தந்தி வந்தது. இந்த மாதக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அப்பா அதை இரண்டு தரம் படித்தார்.

"என்ன மாப்ள, போறியளா இல்லியா?"

"போகாம என்ன அத்தான்? போவேன்."

அன்றைக்கே அம்மா புளியை ஊறப்போட்டாள்.

வழியனுப்புவது எங்கள் தெருவில் லேசான காரியம் இல்லை. கல்கத்தா போய்ச் சேரும்வரை கெடாமல் இருக்கிற மாதிரி புளிச்சோறு கிளறி, துவையல் அரைத்து, வாழையிலையில் கட்ட வேண்டும். நல்ல நேரம் பார்க்க வேண்டும். குதிரை வண்டிக்குச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எதிர்வீட்டு ஆச்சிக்குச் சொல்ல வேண்டும்.

ஆச்சி தாலியறுத்தவள். இரண்டு பசு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தாள். தெருவில் பாதி வீட்டுக் காப்பி அவள் பாலில்தான். ஆனால் ஒருவர் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அவள் எதிரே வரக் கூடாது. அது அவளுக்கே தெரியும். அம்மா வாசலில் நின்றபடி, "ஆச்சி, தம்பி இன்னைக்குக் கெளம்புதான்" என்பாள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆச்சி வாளியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் வீட்டுத் தாழ்ப்பாள் கட்டைத் தாழ்ப்பாள். சாரல் காலத்தில் மரம் ஊதிப்போய் இறுகிவிடும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் நகரும், நகரும்போது கிறீச்சென்று தெருக்கோடிவரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நாங்கள் வாசல்படி இறங்குவோம்.

முதல் தடவை கெடுத்தது நான்தான். எல்லாம் சரியாக நடந்தது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது, வண்டி வந்து நின்றது. கொல்லைப்பக்கத்திலிருந்து ஓடிவந்த நான், புதுச்சட்டையில் மாமாவைப் பார்த்ததும், "எங்க போறிய மாமா?" என்று கேட்டுவிட்டேன். எனக்குச் சாதாரணமாகப் பேச வாய் வராது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கேட்டால்கூட தரையைப் பார்ப்பேன். அன்றைக்கு மட்டும் அது எங்கிருந்தோ வந்துவிட்டது. அம்மா என் தொடையில் திருகின இடம் ஒரு வாரம் கன்றிப்போய்க் கிடந்தது.

மாமா செருப்பைக் கழற்றினார். "பிள்ள கேட்டுட்டாளே. இனி போகக் கூடாதுக்கா" என்றார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. கல்கத்தாவுக்குக் கட்டிய புளிச்சோற்றை அன்று மத்தியானம் எங்களோடு உட்கார்ந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். நான் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை என்னை அடுக்களையில் வைத்து அடைத்துவிட்டார்கள். வண்டி தெருவைத் தாண்டிப் போய்விட்டது. அம்மா அப்பாடா என்று உட்கார்ந்தாள். ஆச்சி தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து பாலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் தெருமுனைக்குப் போவதற்குள் அதே வண்டி திரும்பி வந்தது. உள்ளே மாமா. கோயிலுக்குக் கிட்டே எண்ணெய்ப் பானையோடு ஒருவர் எதிரே வந்துவிட்டாராம்.

"நான் என்ன செய்யக்கா? நேரா எதிர்ல வாராரு" என்றார்.

"ரயில்காரன் எண்ணெய்ப் பானைய பாத்தா வண்டிய நிறுத்துதான்?" என்றார் அப்பா. "ஒன் தம்பிய வழியனுப்புததையே ஒரு பொழப்பா வச்சுக்கிடலாம் போலுக்கே." வண்டிக்காரர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே சிரித்தார்.

ஆச்சி பால் வாளியோடு நடுத்தெருவில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, ஒன் தம்பி என்னைக்குத்தான் போவான்னு ஒரேயடியாச் சொல்லிரு. பொழுதன்னைக்கும் கதவ சாத்திக்கிட்டு இருந்தா கறக்குத பாலெல்லாம் திரிஞ்சு போவுது. பசுமாட்டுக்குச் சகுனம் தெரியாதுல்லா?"

அம்மாவுக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் காப்பியே போடவில்லை.

மாமாவுக்கு உடம்புச் சூடு, அதுதான் இந்த மந்தம் என்று அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். குற்றாலத்தில் நாலு நாள் அருவியில் நின்றால் சரியாகிவிடும் என்றாள். வழியில் எங்கேயாவது சுற்றப் போய்விடுவார் என்று என்னைக் காவலுக்கு அனுப்பினாள். அடித்தாலும் பேசாத என்னை எதற்கு அனுப்பினாள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

சீசன் கூட்டம். மாமா குளித்துவிட்டு வரும்வரை குரங்கு தூக்கிக்கொண்டு போகாமல் அவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மாமாவைக் கண்டுகொண்டான். "அண்ணாச்சி, ஒரே ஒரு உதை" என்று பந்தை உருட்டிவிட்டான். அது சரியாக மாமாவின் காலடியில் வந்து நின்றது. எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற படம் என் கண் முன்னால் அசையப்போகிறது என்று நினைத்தேன்.

மாமா ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். பந்தைக் கையால் எடுத்தார். சட்டையில் துடைத்து அந்தப் பையனிடம் கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, கல்கத்தாவுல கையாலதான் ஆடுவாங்களோ?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. பந்தெல்லாம் சேறு, குளித்த காலில் ஒட்டிக்கொள்ளும் என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் சொல்லாதே என்றெல்லாம் சொல்லவில்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைப் படியில் வைத்து, மற்றக் காலை இழுத்து அதற்குப் பக்கத்தில் சேர்த்தார். ஒவ்வொரு படிக்கும் அப்படியே, நடை பழகுகிற பிள்ளை ஏறுகிற மாதிரி. நான் பின்னால் ஈரத் துண்டோடு காத்துக்கொண்டு நின்றேன். தற்செயலாகத் திரும்பினேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஆச்சி நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவது தடவையை அப்பா கையில் எடுத்துக்கொண்டார். தந்தியில் சொன்ன கெடுவுக்கு அதுதான் கடைசி ரயில். அதை விட்டால் கல்கத்தாவும் இல்லை, சம்பளமும் இல்லை. வண்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னால் ஏறுவதற்குள் ஏதாவது சகுனம் பார்ப்பார் என்று, தெருமுனையில் நிறுத்திவிட்டு டிரங்குப் பெட்டியை அப்பாவே தலையில் வைத்துக்கொண்டார். என்னை வண்டி நின்ற முனைக்கே அனுப்பி, தண்ணீர் நிறைந்த குடத்தோடு எதிரே வரச் சொன்னார்கள். நிறைகுடம் எதிரே வந்தால் நல்லது. வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். தும்மல் வந்துவிடக் கூடாதே என்று அவளும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிலைக்குப் பின்னால் நின்றாள். ஆச்சியின் தாழ்ப்பாள் விடிவதற்கு முன்பே கிறீச்சிட்டு மூடியாகிவிட்டது. பூனையைக்கூடக் கூடையைப் போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

மாமா படியிறங்கினார். தோளில் ஒரு பை. முன்னால் அப்பா பெட்டியோடு விறுவிறுவென்று நடந்தார். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தேன். மாமா என்னைப் பார்ப்பார், குடத்தைப் பார்ப்பார், சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. அவர் கண் ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய்க்கொண்டிருந்தது. யாராவது வர மாட்டார்களா என்று தேடுகிறவர் மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிறீச். நின்றது. மறுபடி கிறீச். பிறகு கதவு திறந்தது. ஆச்சி வெறும் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, நடுத்தெருவில், மாமாவுக்கு நேர் எதிரே நின்றாள்.

"எங்கனலே போற, அந்த மொழங்கால வச்சுக்கிட்டு?"

மாமா பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"போகல ஆச்சி" என்றார். வயலில் வேலை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காருகிறவர் சொல்கிற மாதிரி அவ்வளவு லேசாகச் சொன்னார்.

அப்பா தெருமுனையில் திரும்பி நின்று, தலையில் இருந்த பெட்டியை இறக்காமலேயே, "போச்சா?" என்றார். அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வெளிய வராதன்னு சொல்லியும் வந்து நிக்கியே, நீ நல்லாருப்பியா? எந்தம்பி பொழப்பக் கெடுத்துட்டியே." குனிந்து மண்ணை வாரி ஆச்சியை நோக்கி எறிந்தாள்.

ஆச்சி மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "மறந்துட்டேன் தாயி" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அவள் கேட்டதில் 'எங்கன' என்கிற ஒரு சொல்தான் எல்லார் காதிலும் விழுந்தது. முழங்கால் என்று சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை. இதை நினைத்தால் எனக்கு இந்த வயதிலும் எரிச்சலாக வருகிறது. மாமாவாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். கால் போய்விட்டது அக்கா, இனி ஆட முடியாது என்று ஒரு வார்த்தை. அம்மா இரண்டு நாள் அழுதிருப்பாள். மூன்று தரம் புளிச்சோறு கிளறியிருக்க வேண்டாம்.

கல்கத்தாக்காரர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். மாமா புளியங்குடியில் ஒரு எலுமிச்சங்காய்க் கமிஷன் கடையில், மூட்டைமேல் உட்கார்ந்து லாரிக்கு ஏறுகிற சரக்கை எண்ணுகிற வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் மறைக்காமல் நொண்டினார். அம்மா அதையும் ஆச்சி தலையிலேயே போட்டாள், அந்த மூதேவி கண்ணு பட்டுத்தான் கால் போச்சு என்றாள். கல்யாணவீடு, சாவுவீடு எங்கே போனாலும் கதையைச் சொல்வாள்: கல்கத்தாவில் கொடிகட்டிப் பறக்க வேண்டியவன், எதிர்வீட்டுக்காரி எதிரே வந்து எல்லாம் போச்சு. கேட்டவர்கள் ஆச்சி வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாலும் வேறு ஆளிடம் வாங்கினோம், அது பாதி தண்ணீர். எத்தனையோ வருஷம் எங்கள் வீட்டில் நல்ல காப்பி இல்லை.

புளியங்குடியிலிருந்து வரும்போதெல்லாம் மாமா கையில் இரண்டு பை எலுமிச்சங்காய் இருக்கும். முதல் பையோடு நேரே ஆச்சி வீட்டுக்குத்தான் போவார். "பொழப்பக் கெடுத்தவளுக்கு எலுமிச்சங்காயா? ரோசங்கெட்டவன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மாமா அவள் வீட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். அவள் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பாள். தப்புச் செய்துவிட்டோம் என்கிற பயத்தில் செய்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆச்சி மறந்துபோய்த்தான் வெளியே வந்தாள் என்று நானும் நம்பினேன். அவளே சொன்னாளே. ஆனால் அது ஊதிப்போன கட்டைத் தாழ்ப்பாள். ஒரு கையால் நகராது. வாளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் இழுத்திருக்க வேண்டும், பாதியில் இறுகி நின்றதும் மறுபடி இழுத்திருக்க வேண்டும், திறந்த பிறகு வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். இடுப்பில் குடத்தோடு அந்தச் சத்தத்தை முழுவதும் கேட்டுக்கொண்டு நின்றவள் நான். மறந்துபோனவள் இத்தனையும் செய்வாளா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.