லா போட்டால் எழும்பி நிற்கணும்

1. சேர்ந்தது

நான் ஏழாம் வகுப்போடு நிறுத்தியவன். இருபத்தெட்டு வருஷம் விசைப்படகில் எஞ்சின் டிரைவர். நான் ஓட்டின படகை முதலாளி விற்றுவிட்டார். வேலை இல்லை.

வீட்டுக்காரி மேரியின் தம்பி ஓமனில் படகு வேலை செய்கிறான். அவனுடைய அரபி முதலாளிக்கு எஞ்சின் பார்க்க ஆள் வேணும். "மச்சான், அவன் போன்ல பேசிப் பாத்துத்தான் எடுப்பான். நாலு வார்த்தை அரபு படிச்சு வையும்" என்றான்.

அப்போது எங்கள் ஊர் இனயத்தில் மூன்று காலேஜ் பிள்ளைகள் பங்குக் கோயில் ஹாலில் சாயங்காலம் சும்மாவே அரபு சொல்லிக் கொடுத்தார்கள். பெரியவள் ஷைனி, பக்கத்து வீட்டுப் பிள்ளை. எட்டாம் வகுப்பு வரைக்கும் மஸ்கட்டில் படித்தவள்.

நான் கிளம்பினேன். மேரியும் சேலை மாற்றி வந்தாள்.

"நீ எதுக்கு?"

"கேக்கதுக்கு."

காரணம் உண்டு. நடுவில் ஒரு தடவை குவைத்துக்கு லீவு இல்லாமல் ரெண்டு வருஷம் போனேன். அங்கே படகில் எல்லாரும் நம்ம ஊர் ஆட்கள், அரபு ஒட்டவில்லை. திரும்பி வந்தபோது சின்ன மகள் கதவுக்குப் பின்னால் நின்று, "அம்மா, ஒரு ஆளு வந்திருக்கு" என்றாள். அதிலிருந்து மேரிக்கு ஒரே பேச்சு. "ஒரு வருஷம்னா போங்க. ரெண்டுன்னா போவாண்டாம்."

நான் சரி என்றேன். அரபி ரெண்டு கேட்டால் அவனிடமும் சரி சொல்வதாக இருந்தேன். அதை மேரியிடம் சொல்லவில்லை.

2. வகுப்பு

அரபில் 'நஅம்' என்றால் ஆமா. 'லா' என்றால் இல்லை. முதல் நாள் பாடம் இவ்வளவுதான். இதிலேயே மாட்டினோம்.

எங்கள் பக்கம் பேச்சு லாவில் முடியும். வந்தேம்லா, சொன்னேம்லா, தெரியும்லா. அழுத்திச் சொல்லுகிறோம் என்று அர்த்தம். வெறும் ஆமா சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும்.

ஷைனி என்னைக் கேட்டாள், "மாமா, உங்களுக்கு எஞ்சின் தெரியுமா? அரபில சொல்லுங்க."

"நஅம்லா."

"ஆமான்னு சொல்லுதீங்களா, இல்லைன்னு சொல்லுதீங்களா?"

"ஆமான்னுதாம்லா சொன்னேன்."

"லா போடாதீங்க மாமா!"

"போடலைலா!"

பிறகு ஒரு சட்டம் போட்டாள். ஹாலுக்குள் லா போட்டவர் எழும்பி நிற்கணும். பத்து நிமிஷத்தில் எல்லாரும் நின்றோம். மீன் விற்கிற பிலோமி அக்கா கால் வலிக்கிறது என்று முனகினாள்.

"நேத்தே படிச்சிட்டு வரச் சொன்னேம்லா" என்றாள் ஷைனி.

"ஏட்டி, நீயும் நில்லு" என்றாள் பிலோமி அக்கா.

டீச்சரும் நின்றாள். மேரி ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயே திறக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

3. போன்

மூன்றாவது வாரம் அரபி வீடியோ கால் போட்டான். வகுப்பு நேரம். ஷைனி என் பக்கத்தில் நின்று போனைப் பிடித்தாள். மேரி எனக்குப் பின்னால் நின்றாள்.

எஞ்சின் தெரியுமா என்று கேட்டான். நாக்கைக் கடித்துக்கொண்டு "நஅம்" என்றேன். கடலில் வைத்துத் தனியாக ரிப்பேர் பார்ப்பியா என்றான். "நஅம்." சுத்தமாக வந்தது. பிலோமி அக்கா கட்டை விரலைக் காட்டினாள்.

அரபி ரெண்டு விரலைத் தூக்கினான். "ஸனதைன். மாஃபீ இஜாஸா."

ரெண்டு வருஷம், லீவு கிடையாது. எனக்குப் புரிந்தது. மேரிக்குப் புரிவதற்குள் முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன்.

"நஅம்லா!"

"லா?" என்றான் அரபி.

"நஅம்லா, நஅம்லா!"

அவன் முகம் சுருங்கியது. வேலை போச்சு என்று நினைத்தேன். ஷைனி திருத்திச் சொல்ல வாயைத் திறந்தாள். மேரி அவள் காலை மிதித்தாள்.

அரபி என்னவோ முணுமுணுத்தான். கூட இருந்த ஆளிடம் பேசினான். பிறகு ஒரு விரலை மடக்கினான். "வாஹித் ஸனா. பஅதைன் இஜாஸா."

ஒரு வருஷம், பிறகு லீவு. நான் வாயைத் திறக்கும் முன்னால் பின்னாலிருந்து மேரி சொன்னாள்.

"நஅம்."

ஹாலே திரும்பிப் பார்த்தது. மூன்று வாரத்தில் அவள் பேசின முதல் அரபு அதுதான். அரபி சிரித்தான். "தமாம்", சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

"உனக்கு ஸனதைன் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான வந்தேன்."

வெளியே வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இது. பாஷை படிக்கப் போனால் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் எதற்குச் சரி சொல்லுகிறோம் என்று அவளுக்கும் தெரியணும். எனக்கு இப்போது மூன்றாவது லீவு.