கோயில் சுற்றுகிற பக்கம்

என் மனைவிக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. மத்தியான ஷிப்டுக்கு மில் பஸ் பைபாஸில் வந்து நிற்கும். பைபாஸ் வரை அவளைக் கொண்டுபோய் விடுவது என் பைக். அந்த வாரம் ஏற்கனவே ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள். "இன்னொரு தடவ வரலேன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் வண்டி மக்கர் பண்ணியது.

கார்புரேட்டரையும் இன்ஜினையும் சேர்க்கிற ரப்பர் குழாய் வெடித்திருந்தது. பேகம்பூர் மெக்கானிக் பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். புதுக் குழாயை வாங்கி வந்து நானே மாட்ட உட்கார்ந்தேன். இரண்டே போல்ட். வெளிப்பக்கத்தது மறுபேச்சில்லாமல் வந்தது. உள்பக்கத்தது இருந்த சந்தில் எலி போகும், என் கை போகாது. வண்டிக்கு முன்னால் மண்டிபோட்டு, கையை மட்டும் இன்ஜினைச் சுற்றிப் பின்னால் வளைத்து, ஸ்பேனரைத் தடவித் தடவி மாட்டினேன்.

அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டேன், தட்டினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். அட சனியனே, உனக்கு என்னதான் வேண்டும்? புறங்கையில் தோல் வழன்றதுதான் மிச்சம். காலையிலிருந்து மார்க்கெட்டில் லோடு இறக்கிய தோள்பட்டை வேறு விட்டுப்போனது.

அவள் மில் கோட்டோடு, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எந்தப் பக்கமா சுத்துறீங்க?"

"கழட்டுற பக்கந்தேன். கோயில் சுத்துற பக்கம் சுத்துனா இறுகும், எதிர்ப்பக்கம் சுத்துனா கழலும். பாயே சொல்லிக்குடுத்தது. எனக்குத் தெரியாதாக்கும்?" எரிந்து விழுந்தேன்.

"போல்ட்டு மூஞ்சி அங்கிட்டுல்ல இருக்கு. நீங்க அது முதுகப் பாத்துக்கிட்டுல்ல சுத்துறீங்க" என்றாள், தூக்கத்தில் சொருகிய கண்ணைத் திறக்காமலே.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முன்பக்கமிருந்து கழற்றுவதாக நினைத்துத் திருகியதெல்லாம் அந்தப் பக்கத்துக்கு இறுக்குவது. இவ்வளவு நேரமும் என் கையாலேயே அதை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். தூ! மாற்றித் திருகினேன். பல்லைக் கடித்து இரண்டு தம் பிடித்ததும் 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது.

புதுக் குழாயை மாட்டி உதைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. அவள் எழவில்லை. அந்தப் படபட சத்தத்திலும் கதவில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அப்படியொரு தூக்கம். பகலில் அவள் தூங்கி நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ. இப்போது எழுப்பினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மனசே வரவில்லை, பாவமாக இருந்தது. ஆனால் அவள் வேலை போனால் வீடு ஓடாது. தோளைத் தொட்டு எழுப்பினேன்.

"கழண்டுருச்சா?"

"கழண்டுருச்சு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"கழலாதுன்னு நெனச்சு செத்த நேரம் நிம்மதியா இருந்தேன்" என்றாள். "நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்துருக்கணும்."