கலைந்து போகச் சொன்ன துணி

பட்டாளத்தில் எதிரியைச் சமாளிப்பது சுலபம். கஷ்டமெல்லாம் சொந்த ஜனங்கள் கொடி பிடித்து ரோட்டில் உட்கார்ந்து, போலீஸ் கை ஓய்ந்து, எங்களைக் கூப்பிட்டு அனுப்பும்போதுதான்.

நான் ஓய்வு பெற்ற சுபேதார். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம், இப்போது இருப்பது புனேயில் வானவடி. சர்வீஸின் கடைசி சில வருஷம் என் பொறுப்பில் ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. அதில் ஒரு பியூகிள், ஒரு மெகாபோன், ஒரு தாள், இரண்டு கழியில் சுற்றிய ஒரு வெள்ளைத் துணி. கூட்டத்தைக் கலைக்கப் பட்டாளம் போனால் பக்கத்தில் ஒரு மாஜிஸ்ட்ரேட் நிற்க வேண்டும். அவர் சொன்னால் பியூகிள் ஊதித் துணியை விரிக்கலாம். அதில், ‘கலைந்து செல்லுங்கள், இல்லாவிட்டால் சுடுவோம்’ என்று மராத்தியில் சிவப்பாக எழுதியிருக்கும். அதற்கு மேல் போய்ச் சுடுவதென்றால் அவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் வெள்ளையாகவே இருக்கட்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை. இதே பெட்டியைத் தூக்கிய தோழர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். மற்றவர்களும் கல்யாணத்தில் பந்தி விசாரித்திருந்தால் போதும், எங்கள் பாடு புரிந்துவிடும்.

மொட்டை மாடி

ஏப்ரல் மாத ஒத்திகையில் துணி முழுக்கப் புழுதி. அதிகாரி பார்வையிட வருவதற்குள் துவைத்துவிடலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அலசி, மொட்டை மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் துணி நிறைய வரிசை வரிசையாகக் கூழ் வடகம். என் மனைவி வசந்தா, ‘கலைந்து’ என்ற சொல்லின் மேல் இரண்டு, ‘சுடுவோம்’ மேல் மூன்று என்று அணிவகுப்பே நடத்தியிருந்தாள். கேட்டால், “கெட்டித் துணியாச்சேன்னு ஊத்தினேன், இன்னா இப்ப?” என்கிறாள்.

பாதி காய்ந்ததைப் பிய்த்து எடுத்தேன். எழுத்துக்கு நடுவில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தேய்த்தால் பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. எழுத்து போனால் என் வேலை போகும், வடகம் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று முடிவு செய்து அப்படியே சுற்றிவிட்டேன். இதையெல்லாம் துணி உலர்த்த வந்த மேல் வீட்டு மராத்தி டீச்சர் நின்று நிதானமாகப் படித்துப் பார்த்தார். பிறகு இந்தியில் வசந்தாவிடம் சொன்னார்: “பாபிஜி, இங்கே காக்காய்க்குக்கூட மராத்தி தெரியும்போல. ஒண்ணும் கிட்ட வரலை பாருங்க.”

பொய்க் கூட்டம், மெய்க் கோஷம்

ஒத்திகை என்றால் பாதிப் பேர் பட்டாளம், பாதிப் பேர் கூட்டம். கூட்டமாக நிற்பவர்கள் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு கோஷம் போட வேண்டும், செருப்பு எறிய வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லாம் தெற்கத்திக்காரர்கள். இரண்டு நிமிஷம் “ஒழிக, ஒழிக” என்று சும்மா கத்தினார்கள். எதை ஒழிப்பது என்று தெரியாமல் கோஷம் தொய்ந்தது. அப்போதுதான் நாயக் ஆரோக்கியராஜ் முன்னால் வந்தான். நாங்குநேரிப் பக்கத்துப் பையன், தொண்டை மணி மாதிரி. “காலையில கிச்சடி ஒழிக!” என்றான். மைதானமே அதிர்ந்தது. “பொங்கல் போடு!” “பாத்ரூம் குழாயை மாத்து!” என்று நிஜக் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில் ஆரோக்கியராஜ் தொண்டை கிழியக் கத்தினான்: “லீவு குடு! எம் பொஞ்சாதிக்கு மாசம் நெருங்கிட்டு, லீவு குடு!”

அந்தச் சமயம் புனேயில் ஒரு பெரிய போராட்டம் கிளம்பும் என்று எல்லோருடைய லீவையும் ரத்து செய்திருந்தார்கள். அவனுடையதும் அதில் போயிற்று. பியூகிள் ஊதினோம், துணியை விரித்தோம், ஒருத்தனும் நகரவில்லை. நாங்களே சேர்த்த கூட்டம், எங்களாலேயே கலைக்க முடியவில்லை. கர்னல் பஞ்சாப்காரர், ஆனால் எங்களோடு இருந்து தமிழ் கற்றவர். அவரே நடந்து வந்து, ஊர் அடங்கிய அன்றைக்கு முதல் லீவு ஆரோக்கியராஜுக்கு என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்த பிறகுதான் பயல்கள் உட்கார்ந்தார்கள். திரும்பும்போது என்னிடம் சொன்னார்: “சாப், மனு எழுதுங்கன்னா ஒருத்தரும் எழுதறதில்லை. செருப்பு எடுங்கன்னா எல்லாருக்கும் குறை ஞாபகம் வருது.”

மாப்பிள்ளை வந்தார்

எங்களுக்கு வந்த மாஜிஸ்ட்ரேட் ஒரு தாசில்தார். ஒல்லி உடம்பு, முட்டி வலி, கையில் டிபன் டப்பா. பட்டாள லாரியில் அவர் ஏற ஸ்டூல் போட்டு, இரண்டு பேர் கை கொடுத்து, ஒருத்தன் டப்பாவை வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனை துப்பாக்கியும் அவர் பேனாவுக்குக் கட்டுப்பட்டது என்பதால் மாப்பிள்ளை உபசாரம்தான். மூன்று நாள் எங்கள் மெஸ் சாம்பார் சாப்பிட்டார். நாலாம் நாள் டப்பா வரவில்லை, தூக்குவாளி வந்தது, வீட்டுக்கு எடுத்துப் போக.

ஒரு மாலை தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன், அந்தத் தாளில் இதுவரை எத்தனை தரம் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று. ஒரு தரம்கூட இல்லையாம். பேனாவை மட்டும் தினமும் காலையில் எழுதிப் பார்ப்பாராம். பிறகு பேனாவைப் பையில் செருகிக்கொண்டே சொன்னார்: “சுபேதார் சாகேப், நான் பேனாவை மூடி வச்சிருக்கிற வரைக்கும்தான் நாம ரெண்டு பேரும் நல்ல மனுஷங்க.”

கடைத்தெருவில் அணிவகுப்பு

ஜனங்களுக்கு ஒரு பயம் இருக்கட்டும் என்று கடைத்தெரு வழியாக ஒரு நாள் எங்களை நடக்கவிட்டார்கள். முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு போனோம். பயந்தவர் என்று ஒருவரையும் காணோம். இரண்டு பேர் கூடவே நடந்து செல்ஃபி எடுத்தார்கள். ஒரு அம்மா, தன் மருமகனைப் பட்டாளத்தில் சேர்க்க என்ன உயரம் வேண்டும் என்று விசாரித்தார். வடாபாவ் கடைக்காரர் மட்டும் கரண்டியோடு ஓடி வந்தார், முகத்தில் உண்மையான அக்கறை: “சாயங்காலம் ஆறு மணிக்கும் வருவீங்களா? இன்னைக்குத்தான் இந்தத் தெருவில் டிராஃபிக் ஒழுங்கா இருக்கு.”

பேனா திறந்த நாள்

அது வந்தே விட்டது. ரோட்டை அகலப்படுத்த வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று தேஹு ரோடு தாண்டி ஒரு குடிசைப் பகுதி ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கட்சிக்காரர்கள் சேர்ந்துகொண்டதில் கூட்டம் பெருகியது. காலையில் போலீஸ்காரர் நாலு பேருக்கு மண்டை உடைந்து, எங்களைக் கூப்பிட்டார்கள். அதே காலையில் ஆரோக்கியராஜுக்கு ஊரிலிருந்து போன், மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்று. அவள் தனியாக அங்கே, இவன் இங்கே துணியின் ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு.

எங்களைப் பார்த்ததும் ஒரு கல் வந்து லாரியில் மோதியது. தாசில்தார் பேனா மூடியைக் கழற்றினார். நான் தாளை எடுத்து நீட்டினேன். முதலில் துணி என்றார். பியூகிள் ஊதியது, துணி விரிந்தது. முதல் வரிசையில் மெகாபோன் வைத்திருந்த ஒரு பெண் அதைப் படித்தார். கண்ணைச் சுருக்கினார். மறுபடி படித்தார்.

“ஏ ஜவான், எழுத்து நடுவில என்ன ஒட்டியிருக்கு? அப்பளமா?”

கழி பிடித்தவன் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். ஆரோக்கியராஜ் திறந்தான். “வடகம். சுபேதார் சாப் வீட்டு வடகம்!” என்று தன் நாங்குநேரி இந்தியில் காட்டிக்கொடுத்தான். முதல் வரிசை சிரித்தது. சிரிப்பு பின்னால் போகப் போகப் பெரிதாயிற்று. மானம் கப்பலேறி நான் நின்றேன். அவன் விடவில்லை. மைதானத்தில் கத்திய அதே தொண்டையில், அதே இந்தியில் கத்தினான்: “அக்கா, எம் பொஞ்சாதி ஆஸ்பத்திரியில கெடக்கா. நீங்க வீட்டுக்குப் போனாத்தான் எனக்கு லீவு. தயவு பண்ணுங்கக்கா!”

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் திரும்பி, பின்னால் இருந்தவர்களோடு கொஞ்ச நேரம் பேசினார். பிறகு வந்து ஒரே நிபந்தனை வைத்தார். தாசில்தார் அங்கேயே, எல்லோர் முன்னாலும், அவர்களுடைய மனுவை வாங்கிப் படித்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். தாசில்தார் சத்தமாகவே படித்தார். திறந்திருந்த பேனா அதற்குத்தான் உதவியது. என் தாள் மடித்தபடியே பெட்டிக்குள் போனது. எனக்குக் கண் கலங்கியது, தூசி என்று பியூகிள்காரனிடம் பொய் சொன்னேன்.

கூட்டம் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டது. போகிற போக்கில் அந்தப் பெண் ஆரோக்கியராஜ் முன்னால் நின்றார்: “எங்க கோரிக்கையை ஆறு மாசமா ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்கலை. உன்னோடதை நாங்களாவது கேட்கிறோம். ஊருக்குப் போ தம்பி.”

என் சர்வீஸில் நான் கலைத்த ஒரே கூட்டத்தை உண்மையில் கலைத்தது வசந்தாவின் வடகமும் ஒரு பிரசவமும்தான். ஆரோக்கியராஜின் மகள் இப்போது ஓடி விளையாடுகிறாள், அந்த மனு மட்டும் இன்னும் தாசில்தார் மேஜையை விட்டு நகரவில்லை.