மூன்று முறை அளந்த நேரம்

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. ஏழு மணிக்குப் பாயான் பாரு ஆலைக்குள் நுழைந்து, உடன் வேலை செய்யும் அக்காவும் நானும் எப்போதும்போல் எதிரெதிரே உட்கார்ந்து, ராணுவ விமானங்களுக்கான போல்ட்டுகளை மைக்ரோமீட்டரால் அளக்கத் தொடங்கினோம். விதிப்படி ஒரு முறை அளந்தால் போதும். நாங்கள் மூன்று முறை அளப்போம். மேலே பறப்பவனை நினைத்து அக்கா ஏற்படுத்திய பழக்கம் அது.

இரண்டு மாதங்களுக்கு முன் மேலாளர் என்னிடம் ஒரு கணக்குக் கேட்டிருந்தார். ராணுவத்துக்குப் பொருள் செய்யும் ஆலைகள் நவீன இயந்திரம் வாங்க அரசாங்கம் மானியம் தருகிறது, விண்ணப்பத்தில் எங்கள் வேலை நேரத்தைக் காட்ட வேண்டும் என்றார். ஒரு தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கடிகாரம் பார்த்து எழுதிக் கொடுத்தேன்: ஒரு போல்ட்டுக்கு ஆறு நிமிடம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மேலாளர் வந்து, மானியம் கிடைத்துவிட்டது என்றார். கையால் அளப்பது மெதுவானது என்பதற்கு என் தாள்தான் சான்றாம். அளக்கும் இயந்திரம் வந்துவிட்டது. அதற்குப் பதிவெழுத நான் இருக்கலாம். அக்கா மறுநாள் முதல் வர வேண்டாம்.

"மூணு தடவ அளந்ததையுமா எழுதுன?" என்றார் அக்கா.

"நடந்ததத்தானேக்கா எழுதினேன்."

"ஒரு தடவைக்கு ரெண்டு நிமிசம்னு போட்டிருக்கலாமே லா. நீ ஸ்கேல் வச்சு கோடு போட்டப்பவே எனக்குப் பயம்தான்."

சிரித்துவிட்டு, தட்டில் மீதமிருந்ததையும் மும்மூன்று முறை அளந்த பிறகே எழுந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக அக்காவின் மைக்ரோமீட்டரைத் துடைத்து, எண்ணெய் பூசி, ஸ்டோரில் ஒப்படைத்தேன். பதிவேட்டில் நேரம் 7.10 என்று எழுதினேன்.