செங்மணி விட்டுவிட்ட வாக்கியம்

பணி ஓய்வு கிடைத்து ஒரு வருடம் ஆன பிறகும் செங்மணியை விழாவுக்கு விழா கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஹனோயில் படித்துத் திரும்பிய பிள்ளைகள் மாவட்ட அலுவலகத்திலேயே மூன்று பேர் இருந்தார்கள். அவளைவிடச் சுத்தமாக வியட்நாமிய மொழி பேசுகிறவர்கள். ஆனாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய மனிதர்கள் வந்தால், மாவட்டத் துணைத் தலைவர் கம்சாய் அவள் வீட்டுக்குத்தான் வண்டி அனுப்புவார். "அந்தப் பிள்ளைங்க கேக்கறதை எல்லாம் அப்படியே சொல்லிடுதுங்க, அக்கா. உங்களுக்குத்தான் எதை விடணும்னு தெரியும்" என்று ஒருமுறை முகத்துக்கு நேராகவே சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

வயது ஐம்பத்தாறு. லாவோஸின் ஹுவாபன் மலைகளில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் குகைக்குள் நடந்தது. குகையிலும் இடம் போதாமல் போனபோது பிள்ளைகளை வியட்நாமுக்கு அனுப்பினார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகள், இரண்டு வாத்தியார்கள், மூன்று வாரம் நடை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. போய்ச் சேர்ந்த இடத்திலும் குண்டு விழுந்தது, அங்கேயும் சோற்றுக்குத் தட்டுப்பாடு. இருந்தும் வந்த பிள்ளைகளின் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகவே விழுந்தது. அதை அவள் கடைசிவரை மறக்கவில்லை. எட்டு வருடம் கழித்து ஊர் திரும்பியபோது, பெற்ற தாய் "சாப்பிட்டியா" என்று கேட்டதற்கு வாயில் வந்தது வியட்நாமியச் சொல். அம்மா அழுதுவிட்டாள். மாகாண அலுவலகம் மகிழ்ந்துபோய் மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்தது.

அன்று தொடங்கியது. பாலம், ஆஸ்பத்திரி, விதை நெல், எருமைக்கு ஊசி, ஆசிரியர் பயிற்சி என்று எதற்கு யார் வந்தாலும் நடுவில் அவள் நின்றாள். இரு நாட்டுத் தோழமையைப் பற்றிய பேச்சை எத்தனை முறை இந்தக் காதில் வாங்கி அந்த வாயால் விட்டிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. பேசுகிறவர் மூச்சு வாங்குவதற்குள் அடுத்த வாக்கியம் இன்னதென்று தெரிந்துவிடும். சில சமயம் அவரை முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். யாரும் கண்டுபிடித்ததில்லை. வீட்டுக்கு வந்தால் பேச்சே வராது. கணவன் சூவன் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டே சீண்டுவார்: "ரெண்டு நாட்டை ராசியா வெச்சிருக்கே. நம்ம வாத்துங்க ரெண்டு நாளா அடிச்சுக்குது, அதுக்கு ஒரு வழி சொல்லு." அவள் பாயை விரித்துக்கொள்வாள்.

பணி ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்பு, நாகெங் கிராமத்து வாய்க்கால் அவளுக்கு மற்றுமொரு வேலையாகத்தான் வந்தது. எல்லைக்கு அப்பாலுள்ள வியட்நாம் மாகாணம் ஒன்று நட்பின் பரிசாக ஒரு தடுப்பணையும் மூன்று கிலோமீட்டர் வாய்க்காலும் கட்டித்தர ஒப்புக்கொண்டது. கோடையிலும் ஒரு போகம் நெல் விளையும், நாற்பது குடும்பத்துக்குச் சோறு. அளவெடுக்க வந்த பொறியாளர் பெயர் லுவோங். அவளைவிட மூன்று வயது மூத்தவர், என்றாலும் மரியாதைக்கு அக்கா என்றே கூப்பிட்டார். கறுத்த, மெலிந்த மனிதர். வந்த அன்றே செருப்பைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கினார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அளவெடுப்பு முடிந்த நாளில் ஊர்க்கூட்டம் நடந்தது. வரைபடத்தை விரித்து, வாய்க்கால் எந்த வழியாகப் போகும் என்று லுவோங் காட்டினார். ஊரார் தலையாட்டினார்கள். அப்போது கேசோன் என்ற பெண் எழுந்தாள். கடைமடையில் வயல் வைத்திருப்பவள், புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். மூங்கில் வளைவு இருக்கிறதே, அங்கே மண் உள்ளே பொக்கு, அவளுடைய அப்பா காலத்தில் வெட்டிய மர வாய்க்காலும் அங்கேதான் இரண்டு தடவை உட்கார்ந்துபோனது, கொஞ்சம் மேலே பாறையை ஒட்டிக் கொண்டுபோனால் நல்லது என்றாள். நிதானமாக, கையால் தரையில் கோடு போட்டுக் காட்டிச் சொன்னாள்.

செங்மணி வாயைத் திறக்கப் போனாள். கம்சாய் கண்ணைக் காட்டினார். விருந்தாளிகள் அன்று மாலைக்குள் எல்லை கடக்க வேண்டும், வரைபடத்தில் மாகாணத் தலைவரின் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. காலையிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. "இந்த அம்மா ஊர் சார்பா நன்றி சொல்றாங்க. கடைமடை வரைக்கும் தண்ணி வந்தா ரொம்ப சந்தோஷம்ங்கறாங்க" என்று லுவோங்கிடம் சொன்னாள். அவர் கேசோனைப் பார்த்துக் கைகூப்பிக் குனிந்தார். கேசோன் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. வண்டியில் திரும்பும்போதே செங்மணி அதை மறந்துவிட்டாள்.

கட்டுகிற காலத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. லுவோங் உடைந்த லாவோ மொழியிலும் சைகையிலும் சமாளித்துக்கொண்டார். மூன்று வருடம் கழித்து, மார்ச் மாதத்தில், ஒப்படைப்பு விழாவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். விழாவுக்கு முந்தின நாள் காலையே நாகெங் போய்விட்டாள். பெண்கள் ஒட்டரிசியை ஊறவைத்துக்கொண்டும் மூங்கில் குருத்தைச் சீவிக்கொண்டும் இருந்தார்கள். கேசோனும் அங்கே இருந்தாள். செங்மணி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குருத்தை எடுத்து உரித்தபடி, தண்ணீர் எப்படி என்று பேச்சுக்குக் கேட்டாள்.

"பரவாயில்ல" என்றாள் கேசோன்.

அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு ஆயிரம் அர்த்தம். பாம்பு கடித்தாலும் பரவாயில்லை, பெண் பிறந்தாலும் பரவாயில்லை. மொழிபெயர்க்கும்போது செங்மணி அதை எப்போதும் "திருப்தி" என்றே சொல்லிவந்தாள். ஆனால் இன்று கேசோன் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"மூங்கில் வளைவுல உக்காந்துடுச்சு, அக்கா. விட்ட தண்ணி எல்லாம் வெடிப்பு வழியா ஓடைக்கே போகுது. எங்க பதினோரு வீட்டுக்கு ஒரு சொட்டு வரல. நாத்து விட்டது காய்ஞ்சு போச்சு. அது கூட போகட்டும். படிச்ச மனுஷன், நான் சொன்னதைக் கேட்டுக் கைகூப்பினாரே. கேட்டுட்டு அங்கயேதான் கட்டினாரு. பொம்பள சொன்னதுக்கு என்ன மதிப்புன்னு விட்டுட்டாரு. அதான் மனசுல நிக்குது."

செங்மணியின் கையிலிருந்த குருத்து பாதி உரித்தபடியே நின்றது. அந்தக் கூட்டம், வெயில், தரையில் போட்ட கோடு எல்லாம் அப்படியே கண்முன் வந்தன. நான்தான் சொல்லவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். எழுந்து வாய்க்கால் கரையோடு நடந்தாள்.

லுவோங் மூங்கில் வளைவில்தான் இருந்தார். வெடிப்பில் சாக்குத் துணியையும் களிமண்ணையும் தனியாளாகத் திணித்துக்கொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு. அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இதோடு பத்தாவது தடவை என்றார். மண் சோதனைக்கு எடுத்த இரண்டு குழியுமே கெட்டியான இடத்தில் விழுந்துவிட்டன, இந்த இடத்தின் குணம் அப்போது தெரிந்திருந்தால் பாறையை ஒட்டியே போயிருப்பேன் என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவினார். இனிச் சிமெண்டும் இல்லை, ஆளும் இல்லை, ஜூனில் அவருக்கும் ஓய்வு.

செங்மணி கரையில் உட்கார்ந்தாள். "அண்ணே, தெரிஞ்சிருக்க வேண்டியது. அன்னைக்குக் கூட்டத்துல அந்த கேசோன் சொன்னது நன்றி இல்ல. இந்த இடம் பொக்குன்னு சொன்னா. பாறையை ஒட்டிப் போங்கன்னா. நான் உங்களுக்குச் சொல்லல."

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"மூணு வருஷம்" என்றார் கடைசியில். "எல்லார் வீட்டுலயும் கூப்பிட்டுச் சோறு போட்டாங்க. அந்தம்மா வீட்டு வழியா போனா மட்டும் முகத்தைத் திருப்பிக்கும். நான் என்னமோ மரியாதை தவறி நடந்துட்டேன்னு நினைச்சேன். இந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதேன்னு ஒரு தடவை போய் மன்னிப்புக் கூடக் கேட்டேன், என் லாவோவுல. அதுக்கு என்ன புரிஞ்சுதோ." பிறகு, "ஏன்க்கா?" என்றார்.

என்ன சொல்வாள்? வெயில் என்றா, கம்சாயின் கண் என்றா? "பழக்கம்" என்றாள். அவர் மறுபடி களிமண்ணைக் கையில் எடுத்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

மறுநாள் விழா. பள்ளி மைதானத்தில் இரண்டு கொடிகள், பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி ஆசி சொல்லி முடித்தார்கள். கம்சாய் பேசினார், எதிர்ப்பக்கத்துத் தலைவர் பேசினார். செங்மணியின் வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது. பிறகு லுவோங்கை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் எழுதிவைத்த தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். கடைமடையில் பதினோரு வீட்டுக்குத் தண்ணீர் போகவில்லை, மண்ணைச் சரியாகப் பார்க்காமல் கட்டிவிட்டேன், அது என் பிழை, ஊர் என்னை மன்னிக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

கம்சாய்க்கு ஓரளவு வியட்நாமிய மொழி புரியும். அவர் கண் அவளைத் தேடி வந்தது. விடச் சொல்கிறார் என்று தெரிந்தது. இப்போது விட்டாலும் யாருக்கும் தெரியாது. பந்தலில் நூற்றைம்பது பேர், இரண்டு பேச்சும் தெரிந்தவர்கள் கை விரலுக்குள் அடங்குவார்கள்.

அவள் முழுவதையும் சொன்னாள். அவர் சொன்ன அதே வரிசையில், ஒரு சொல் குறையாமல். அதோடு நிறுத்தவில்லை.

"இது அவர் பிழை இல்ல. கேசோன் அன்னைக்குச் சொன்னதை நான் அவர்கிட்ட சொல்லல. நன்றி சொல்றான்னு மாத்திச் சொல்லிட்டேன். அது அவர் காதுக்கே போகல, கேட்டுட்டுத் தட்டிக்கழிச்சார்னு யாரும் நினைக்காதீங்க." பிறகு அதையே வியட்நாமிய மொழியில் விருந்தாளிகளுக்கும் சொன்னாள். கம்சாயின் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. கண் யாருடையதானாலும் வாய் தன்னுடையது என்று அவள் நினைத்தாள்.

பந்தலில் ஒரு குழந்தை அழுதது. ஊர்த்தலைவர் எழுந்து, பரவாயில்லை, சாப்பிடலாம் என்றார். எல்லாரும் சாப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டார்கள், மிச்ச வேலை உண்டு என்று ஒரு வரி சேர்த்து. கம்சாய் வண்டியில் ஏறும்போது அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஓய்வுன்னா ஓய்வுதான், அக்கா. இனிமே வீட்டுல இருங்க." அவள் ஒரு சரக்கு வண்டியில் ஊர் திரும்பினாள். கிளம்பும்போது கேசோன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நவம்பரில் வேலை வந்தது. ஓய்வு பெறுவதற்கு முன் லுவோங் எழுதிய அறிக்கை எங்கெங்கோ சுற்றி, மூங்கில் வளைவைத் தாண்டிப் பாறையோரமாக நானூறு மீட்டர் குழாய் பதிக்க அனுமதி கிடைத்திருந்தது. குழாயோடு இரண்டு வேலைக்காரர்கள் வந்தார்கள். லாவோவில் ஒரு சொல் தெரியாது. மாவட்ட அலுவலகம் யாரையும் அனுப்பவில்லை. செங்மணி தானாகவே போனாள். நான்கு நாள் சேற்றில் நின்று, "இன்னும் ரெண்டு விரல் கீழ", "அந்த முனையைப் பிடி", "கல்லை எடுத்துட்டு வை" என்று இரண்டு பக்கமும் கத்தினாள். வாழ்நாளில் அவள் மொழிபெயர்த்ததிலேயே சின்ன வாக்கியங்கள் அவைதான். ஒன்றைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கேசோன் வந்து கரையில் நின்றாள். குழாய் தன் வயலுக்கு எந்தப் பக்கமாகத் திரும்பும் என்று கேட்டாள். கேட்டது அந்த வேலைக்காரர்களில் ஒருவனை. செங்மணி கேள்வியை அவனுக்குச் சொன்னாள், பதிலை அவளுக்குச் சொன்னாள். கேசோன் இன்னொன்று கேட்டாள், அதையும் சொன்னாள். சோற்றுக் கூடையைக் கரையில் வைத்துவிட்டுப் போகும்போது, அது யாருக்கு என்று கேசோன் சொல்லவில்லை. மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

பதினோரு வீட்டில் ஏழு வீட்டுக்குத் தண்ணீர் வந்தது. கேசோனுடையது ஏழில் ஒன்று. மற்ற நான்கு வயல்களும் குழாயைவிட மேட்டில் இருந்தன. அவற்றுக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை. அந்த நான்கு வீட்டாரில் ஒருவர் வயலை விட்டுவிட்டுத் தலைநகர் வியன்தியானில் தையல் ஆலைக்குப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் செங்மணி வீடு திரும்பியபோது குரல் சுத்தமாகக் கட்டிக்கொண்டது. சூவன் மூலிகைத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். மறுபடி எங்கிருந்தாவது கூப்பிட்டால் என்ன சொல்வது என்று கேட்டார். பாயில் படுத்தபடி, "காது கேக்கலைன்னு சொல்லிடு" என்று அவள் கிசுகிசுத்தாள். அவர் அதை நம்பாமல் சிரித்தார். அவள் அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.